பத்தாண்டு தாங்கும் பெட்டி எது: என்விடியா ஷீல்டா, ஆப்பிள் டிவியா?

2015-ஆம் ஆண்டு மே மாதம் என்விடியா நிறுவனம் ஷீல்டு டிவியை 199 டாலர் விலையில் வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், செயலிகளை நாமே நிறுவிக்கொள்ளக்கூடிய முதல் ஆப்பிள் டிவி 149 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பிற்காலத்தில் ஆப்பிள் டிவி எச்டி என்று பெயர் மாற்றப்பட்டது அதுதான். இந்த இரண்டு பெட்டிகளுக்கும் 2025-இலும் மென்பொருள் புதுப்பிப்பு வந்து சேர்ந்தது. வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் ஸ்ட்ரீமிங் பெட்டிகளில் இத்தனை ஆயுள் மிகவும் அரிது. படத் தெளிவையும் வேகத்தையும் பற்றிய ஒப்பீடுகள் ஏராளமாக இருக்கின்றன. அவை வாங்கிய முதல் மாதத்துக்கு உதவும். ஏழாவது ஆண்டில் அந்தப் பெட்டி எப்படி இருக்கும் என்பதே இங்கே என் கேள்வி.

பத்தாண்டு ஆதரவு என்பது இரண்டுக்கும் பொதுவாக இருந்தாலும், அது வந்த விதம் ஒன்றல்ல. ஷீல்டு ஆண்ட்ராய்டு 5-இல் தொடங்கி, 2022 ஜனவரியில் ஆண்ட்ராய்டு 11-ஐ அடைந்தது. 2015 மாதிரி உட்பட எல்லா ஷீல்டுகளுக்கும் அது வழங்கப்பட்டது. அதற்குப் பிறகு அடிப்படை இயங்குதளம் நகரவில்லை. பிழை நீக்கமும் பாதுகாப்புத் திருத்தமும் மட்டும், நீண்ட இடைவெளிகளில், 2025 பிப்ரவரியில் வந்த 9.2 புதுப்பிப்பைப் போல வந்துகொண்டிருந்தன. மற்ற ஆண்ட்ராய்டு பெட்டிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் கைவிடப்பட, இது மட்டும் நீடித்ததற்குக் காரணம், பெட்டியைச் செய்தவரே உள்ளிருக்கும் டெக்ரா சிப்பையும் செய்தவர் என்பதுதான். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வேறொரு நிறுவனத்தின் சிப்பை வாங்கிப் பொருத்துகிறார்கள். அந்தச் சிப் நிறுவனம் இயக்கி மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், பெட்டியை விற்றவர் விரும்பினாலும் புதிய ஆண்ட்ராய்டைக் கொடுப்பது மிகக் கடினம்.

ஆப்பிளிடம் சிப், இயங்குதளம், பெட்டி மூன்றும் ஒரே கையில் இருக்கின்றன. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஆப்பிள் டிவியின் இயங்குதளமான டிவிஓஎஸ் புதிதாக வருகிறது. தகுதியுள்ள எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நாளில் வருகிறது. ஒழுங்கு என்ற அளவில் ஷீல்டு இதனோடு போட்டியிட முடியாது. ஆனால் புதுப்பிப்பு கிடைப்பது வேறு, அதில் உள்ள எல்லாமும் கிடைப்பது வேறு. 2025-இல் வந்த டிவிஓஎஸ் 26-இன் புதிய கண்ணாடித் தோற்றம் 2021-இலும் அதற்குப் பிறகும் வந்த 4கே பெட்டிகளுக்கே உரியது. பழைய பெட்டிகள் பாதுகாப்பாக ஓடும், பழைய முகத்தோடு ஓடும். இதை நான் குறையாகக் கருதவில்லை. பத்து வயதான ஆப்பிள் டிவி எச்டியின் ஏ8 சிப்பின் மேல் புதிய அலங்காரத்தை ஏற்றித் திணறவைப்பதைவிட இதுவே பொறுப்பான செயல்.

புதுப்பிப்பு ஒன்றைக் கொடுக்கவும் செய்யும், பறிக்கவும் செய்யும். 2017-இல் வந்த ஆப்பிள் டிவி 4கே பெட்டியில் யூடியூப் காட்சிகளை 4கே தரத்தில் பார்க்க முடியவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து டிவிஓஎஸ் 14 அதைக் கொடுத்தது. வாங்கும்போது இல்லாத ஒன்று, புதிதாகப் பணம் செலவழிக்காமலே வந்தது. ஷீல்டுக்காரர்களுக்கு நேர்ந்தது இதற்கு நேரெதிர். கணினியில் ஓடும் விளையாட்டை வீட்டுக்குள்ளேயே தொலைக்காட்சிக்கு அனுப்பும் கேம்ஸ்ட்ரீம் வசதிக்காகவே அந்தப் பெட்டியை வாங்கியவர்கள் பலர். 2023 பிப்ரவரியில் அது புதுப்பிப்பின் வழியாகவே நீக்கப்பட்டது. அதற்கு முன்பு, 2021-இல், முகப்புத் திரையின் மேற்பாதியைப் பெரிய விளம்பரப் படங்கள் பிடித்துக்கொண்டன. அது கூகுளின் முகப்புச் செயலி செய்த மாற்றம். பணம் கொடுத்து வாங்கியவருக்கோ, யார் செய்தால் என்ன, தன் வீட்டுத் திரை தன்னுடையதாக இல்லை என்பதே முன்னிற்கும். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது என்றே நினைக்கிறேன்.

பெட்டியைச் செய்தவர் கைவிடும் முன்பே செயலியைச் செய்தவர் கைவிடுவதும் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 2024 ஜூலை 31-ஆம் தேதியோடு இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஆப்பிள் டிவிகளிலிருந்து விலகியது. 2025 ஜூனில் அமேசானின் முதல் தலைமுறை ஃபயர் டிவி சாதனங்களிலிருந்து விலகியது. எங்கள் வீட்டில் முன்பு இருந்த வேறொரு சிறிய பெட்டிக்கும் இதுதான் நடந்தது. ஒரு மாலை அம்மா வழக்கம்போல் தொடர் பார்க்க உட்கார்ந்தபோது, இந்தச் சாதனத்தில் இனி இச்செயலி இயங்காது என்ற இரண்டு வரி திரையில் நின்றது. விளக்கு எரிந்தது, ரிமோட் வேலை செய்தது, படம் தெளிவாக வந்தது; பார்க்கத்தான் எதுவும் இல்லை. அன்றிலிருந்து பெட்டியின் வேகத்தைவிட, அதற்கு எத்தனை பேர் இன்னும் செயலி எழுதுகிறார்கள் என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். அந்தக் கணக்கில் ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் ஏறக்குறைய சமம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கெடு சான்றிதழ்களில் இருக்கிறது. 2025 மார்ச் 9-ஆம் தேதி, 2015-இல் வந்த கூகுளின் ஸ்ட்ரீமிங் சாதனங்களான இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டுகள் உலகெங்கும் ஒரே நேரத்தில் செயலிழந்தன. அவற்றின் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழுக்குப் பத்தாண்டு ஆயுள் குறிக்கப்பட்டிருந்தது, அது அன்று முடிந்தது. தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்க வேண்டாம் என்று பயனர்களைக் கேட்டுக்கொண்ட கூகுள், சில நாட்களில் திருத்தத்தை அனுப்பியது. அனுப்ப ஆள் இருந்ததால் அவை பிழைத்தன. ஆதரவு என்றால் புதிய வசதி என்று நினைப்பவர்கள் இந்த ஒரு நிகழ்வை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உடலளவில் இரண்டும் மூப்படையும் விதமும் வேறு. 2019 ஷீல்டு ரிமோட்டில் இரண்டு ஏஏஏ செல்கள் போடுகிறோம். இன்னும் பத்தாண்டு கழித்தும் தெருமுனைக் கடையில் அவை கிடைக்கும். ஆப்பிள் ரிமோட்டுக்குள் மின்னேற்றும் பேட்டரி இருக்கிறது, அதைப் பயனர் எளிதில் மாற்ற இயலாது. மின் இணைப்பில் நிலைமை தலைகீழ்: ஆப்பிளுக்கு எங்கும் கிடைக்கும் எட்டு வடிவ மின்கம்பி போதும், ஷீல்டின் பெரிய மாதிரியான ஷீல்டு புரோவுக்கு அதற்கென்ற தனி அடாப்டர் வேண்டும். ஷீல்டு புரோவில் விசிறி சுழல்கிறது, தூசி சேர்கிறது. 2022 ஆப்பிள் டிவியில் விசிறியே இல்லை. சேமிப்பிடத்தில் புரோவுக்கு 16 ஜிபிதான், ஆனால் இரண்டு யூஎஸ்பி துளைகளில் ஒன்றில் வட்டைச் செருகி அதை விரித்துக்கொள்ளலாம். ஆப்பிளில் 64 அல்லது 128 ஜிபி தாராளமாக இருக்கிறது, வெளியிலிருந்து சேர்க்க வழி கிடையாது.

சொந்தமாகப் படக்கோப்புகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இந்த யூஎஸ்பி துளைகளே முடிவைச் சொல்லிவிடும். சேர்த்த படங்களை வீட்டின் மற்றத் திரைகளுக்கும் அனுப்பும் பிளெக்ஸ் சர்வரையே ஷீல்டு புரோவில் ஓட்டலாம். ப்ளூ-ரே கோப்பின் ட்ரூஎச்டி என்ற உயர்தர ஒலியைக் குறையாமல் ஒலிபெருக்கிக்கு அனுப்பலாம். எந்தச் சந்தா நிறுவனம் விலகினாலும் அந்தக் கோப்புகளைப் பார்ப்பது நிற்காது. பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளை இந்தக் காரணத்துக்காக வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல் அத்தகைய பெட்டிகளில் விற்பனைக்கு முன்பே புகுத்தப்பட்டு வருவதாக அமெரிக்க எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. அவற்றை வீட்டு வலைப்பின்னலுக்குள் விடவே கூடாது.

ஆதரவுக் காலம் நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. இன்று கடையில் புதிதாகக் கிடைக்கும் ஷீல்டு புரோ 2019-இல் வந்தது. அதன் சிப் 2015 சிப்பின் நெருங்கிய உறவு. ஆப்பிள் டிவி 4கே 2022-ஆம் ஆண்டுப் பிறப்பு, ஏ15 சிப்புக்கு இன்னும் வலு மிச்சமிருக்கிறது. ஃபயர் டிவிகளுக்கு அமேசான், விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது நான்கு ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் உண்டு என்று வெளிப்படையாக எழுதித் தருகிறது. ஆப்பிளும் என்விடியாவும் இந்த நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே சந்தா சேவைகளை மட்டுமே பார்க்கும் வீட்டுக்கு ஆப்பிள் டிவியையே சொல்வேன். சொந்தக் கோப்புகள் மிகுந்த வீட்டுக்கு, வயதை அறிந்தே, ஷீல்டு புரோவைச் சொல்வேன். ஆப்பிளை எடுப்பவர்கள் 129 டாலர் மாதிரியோடு நிற்காமல் 20 டாலர் கூடக் கொடுத்து 128 ஜிபி மாதிரியை வாங்குவது நல்லது. ஈதர்நெட் துளை அதில் மட்டுமே இருக்கிறது. நம் வீட்டு வைஃபை இடையில் எத்தனை முறை மாறினாலும் அந்தக் கம்பி அப்படியே பொருந்தும்.