மார்கழி விடுமுறைக்கு மலையா, மைசூரா: ஒரு கடலூர்க்காரரின் கணக்கு

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் மூடும் டிசம்பர் கடைசி வாரம்தான் எங்களைப் போன்ற வீடுகளுக்குக் குளிர்கால விடுமுறை. தேதி நம் கையில் இல்லை, ஊர் மட்டும்தான் நம் கையில். எங்கள் வீட்டில் கொடைக்கானல், ஏற்காடு, காரைக்குடி, மைசூர் என்று நான்கு பெயர்கள் அடிபட்டன. பையனுக்கு மலை வேண்டும், அம்மாவுக்குக் கோயில் வேண்டும், மனைவிக்கு அடுப்பங்கரைப் பக்கமே போகாமல் சில நாள் வேண்டும். கடைசியில் மைசூர் போய் வந்தோம். அதனால் இந்த அலசல் மைசூர்ப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரியை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கும் ஊருக்கு நாங்கள் பல் டாக்டரைப் பார்க்கவும் துணி எடுக்கவும் போகிறோம், அதைச் சுற்றுலா என்று யாரும் சொல்வதில்லை. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை கர்நாடகப் பதிவெண் கார்கள் கடற்கரைச் சாலைப் பக்கம் நிறுத்த இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அறை வாடகை கேட்டால் நமக்கும் சேர்த்துச் சுற்றும். அவர்கள் எல்லாம் இங்கே வரும் வாரத்தில் நாம் அவர்கள் ஊருக்குப் போவதில் ஒரு நியாயம் இருக்கத்தானே செய்கிறது.

குளிர் எங்கே அதிகம் என்பதில் விவாதமே இல்லை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500, மைசூர் 770 மீட்டருக்குள். காரைக்குடி சமவெளி, விடியற்காலையில் ஒரு சால்வை போதும். ஆனால் நம் ஊர்க்காரர்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியது இந்த உயரக் கணக்கை அல்ல, வங்கக் கடலை.

டிசம்பர் கடைசி என்றால் மழை ஓய்ந்திருக்கும் என்று சொல்பவர்களுக்கு ‘தானே’ புயலை நினைவூட்டினால் போதும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரையைக் கடந்த நாள் 2011 டிசம்பர் 30. சரியாக இந்த விடுமுறை வாரம். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை இன்னும் யாரும் மறக்கவில்லை. அப்புறம் ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அந்த ஊரில் மட்டும் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதோடு முடியவில்லை. புயல் வலுவிழந்து மேற்கே நகர்ந்து திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பெய்த மழை சாத்தனூர் அணையை நிரப்பி, தென்பெண்ணையில் இறங்கி, அடுத்தடுத்த நாட்களில் கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் அந்த ஆறு கடலில் சேர்வது நம் ஊரில்தான். வழியில் யார் ஊரில் பெய்தாலும் கடைசித் தண்ணீர் நமக்கு. மழை விட்டுவிட்டது என்று நிம்மதியாக உட்கார முடியாத ஊர் இது.

ஆகவே வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் முன் இரண்டு கேள்விகள். போகிற இடத்திலும் இதே மழைதானா? துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் எவ்வளவு சீக்கிரம் வீடு வந்து சேரலாம்? கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இரண்டாவது கேள்வியை விளக்கவே வேண்டாம். மெத்தையை மாடிக்கு ஏற்ற, இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்ற, வண்டியை மேட்டில் கொண்டுபோய் நிறுத்த வீட்டில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். காற்றழுத்தத் தாழ்வு உருவாகிக் கரையை நெருங்கப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் அவகாசம் கிடைக்கிறது. அப்படியென்றால் ஓர் இரவில் திரும்பிவிடக்கூடிய தூரம் போதும். அதைத் தாண்டினால் போன இடத்தில் கைபேசியில் வானிலை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போம், ஊரைப் பார்க்க மாட்டோம்.

மலைகள் முதல் கேள்வியிலேயே அடிபடுகின்றன. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைகள், நீலகிரியின் கிழக்குச் சரிவு, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை எல்லாமே நம்மோடு சேர்ந்து வடகிழக்குப் பருவமழையில் நனைபவை. கொடைக்கானலில் மழை அதிகம் பெய்வதே அக்டோபர், நவம்பரில்தான், அதன் வால் டிசம்பருக்குள்ளும் நீளும். நம் மழைக்குத் தப்பி ஓடி, நம் மழையிலேயே போய் நிற்பானேன்? ஊட்டியைப் பையன் கடைசி நேரத்தில் இழுத்துவிட்டான், மலை ரயிலுக்காக. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், ஊட்டிக்கு 1908-இலும் வந்த பாதை, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, எல்லாம் சரி. ஆனால் கல்லாறு தாண்டி மண் சரிந்து ரயில் ரத்து என்ற செய்தி இந்தப் பருவத்தில் அடிக்கடி வரும். மேகம் விலகினால் மட்டும் என்ன, உறைபனி இறங்கும். மேகம் இருந்தால் தூறல், இல்லாவிட்டால் உறைபனி. மூட்டு வலிக்காரரை வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எதைக் கேட்டு வேண்டிக்கொள்வது?

நான் கொடைக்குப் போனது ஏப்ரல், மே மாதங்களில்தான். மார்கழியில் அங்கே தங்கிய நண்பர்கள், வானம் தெளிந்த பகலில் ஏரியைச் சுற்றி நடப்பதற்கு ஈடே இல்லை என்கிறார்கள். நம்புகிறேன். சின்ன வயதுக்காரர்கள், மேல்தளத்தில் குடியிருப்பவர்கள், தாராளமாகப் போகலாம். சொந்தக் கார், வேன் என்றால் ஊட்டிக்கும் கொடைக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவில் வந்த ஏற்பாடு. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. இன்னொன்று, கிறிஸ்துமஸ் வாரத்தில் நாங்கள் விசாரித்த மலை விடுதிகள் முழு வாடகையையும் முன்பணமாகக் கேட்டன, வராவிட்டால் திருப்பித் தர மாட்டார்களாம். புயல் மாதத்தில் அப்படிப் பணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஏற்காடு நமக்குக் கிட்ட இருக்கும் மலை. விருத்தாசலம், ஆத்தூர் வழியாகச் சேலம் போய், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். இதமான குளிர், காப்பித் தோட்டம், ஏரி. ஒரு நாளைக்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஃபெஞ்சல் மழையில் அந்த மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மேலே மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான்.

காரைக்குடிதான் மைசூருக்குக் கடைசி வரை ஈடு கொடுத்தது. ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த கூடங்கள், பர்மா தேக்குத் தூண்கள், கானாடுகாத்தான் தெருக்கள் என்று ஒரு நாள். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று அம்மாவுக்கு ஒரு நாள். சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலத்தோடு தொடங்கிய தாம்பரம்–ராமேஸ்வரம் ரயில் திருப்பாதிரிப்புலியூர், மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்கே போகிறது. ஆனால் இறங்கும்போது விடிந்திருக்காது. அறைக்குப் போனால் மதியம்தான் தருவோம் என்பார்கள். எங்களுக்கு அதுகூடப் பெரிதில்லை. மழை வந்தால் அங்கேயும் வரும் என்பதும், பையனுக்கு வீடுகளைப் பார்ப்பதில் அரை நாளுக்கு மேல் பொறுமை இருக்காது என்பதும்தான் தடுத்தது.

மைசூருக்கு வருவோம். முதல் கேள்விக்கு அதன் பதில் தெளிவானது. அந்த ஊருக்கு மழை மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை, டிசம்பரில் மிகக் குறைவு. பகலில் 27, 28 டிகிரி வெயில், இரவில் 16 டிகிரி பக்கம் இறங்கும். அம்மா ஸ்வெட்டரைக் காலையிலும் இரவிலும் மட்டும் போட்டுக்கொண்டார். மலை ஊர்களில் போல அறை ஹீட்டருக்குத் தனியாக வாடகை கொடுக்க வேண்டியதில்லை. உறைபனிக் குளிர் வேண்டும் என்று போகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும், பையனுக்கு இருந்தது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் ரயில். மைசூர்–மயிலாடுதுறை எக்ஸ்பிரஸை 2024 ஜூலையில் கடலூர் முதுநகர் வரை நீட்டித்துவிட்டார்கள். ஓ.டி. ஸ்டேஷன் என்று நாங்கள் சொல்லும் அந்த முதுநகர் நிலையத்தில் பிற்பகல் ஏறினால் மறுநாள் காலை மைசூர். நம் ஊரிலேயே கிளம்பும் வண்டி என்பதன் அருமை, விழுப்புரத்தில் இரண்டு நிமிடத்தில் பெட்டிகளையும் பெரியவர்களையும் ஏற்றிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். இங்கே காலிப் பெட்டியில் நிதானமாக ஏறி, பைகளைத் தள்ளி வைத்து, ஜன்னலோரச் சண்டை முடிந்த பிறகுதான் வண்டி நகர்கிறது. சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு, சேலம், பெங்களூரு என்று பெரிய சுற்று. தூரம் பார்த்தால் சேலம் வழியே சாலையில் போவதுதான் குறைவு. ஆனாலும் படுத்துக்கொண்டு போகிற சுற்றில் என்ன நஷ்டம்? வழியில் நெடுந்தூரம் காவிரி கூடவே வருகிறது, காலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மறுபடியும் வந்து நிற்கிறது.

முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்தான் திறக்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்துக்கு வேண்டுமானால் அக்டோபர் கடைசியில் காலையிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். போகிற டிக்கெட்டைவிடத் திரும்பும் டிக்கெட்தான் சீக்கிரம் தீர்கிறது. புயல் வந்து ரயிலே ரத்தானால் முழுப் பணமும் வந்துவிடும், நாமே நேரத்தோடு ரத்து செய்தாலும் கொஞ்சம்தான் பிடிப்பார்கள். தங்க அறையையும் ஒரே இரவுக்கு எடுத்து, வானிலையைப் பார்த்து நீட்டித்துக்கொண்டோம். மைசூரில் விடுதிகள் நிறைய இருப்பதால் அது முடிந்தது.

அவசரமாகத் திரும்ப வேண்டி வந்தால் ரயிலை மட்டும் நம்ப வேண்டியதில்லை. மைசூரிலிருந்து பெங்களூருக்கு எந்நேரமும் பேருந்து, அங்கிருந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வழியாக இரவுப் பேருந்து. இரண்டு வழி இருக்கிறது என்பதுதான் மற்ற மூன்று ஊர்களையும் இது முந்திய இடம். ஆனால் 2024 டிசம்பர் தொடக்கத்தில் அந்தப் பேருந்து வழியில் இருக்கும் ஊத்தங்கரைப் பக்கம்தான் மழை கொட்டிச் சாலைகள் முழுகின. நாங்கள் போன வாரத்தில் வானம் வெளுத்துக் கிடந்தது, ஆகவே என் ஏற்பாடு இன்னும் ஒரு புயலைப் பார்க்கவில்லை. காகிதத்தில் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

ஊரில் பார்க்க என்ன என்பதை எல்லாரும் சொல்வார்கள், வேகமாகத் தாண்டுகிறேன். பழைய மர அரண்மனை 1897-இல் எரிந்த பிறகு, 1912-இல் முடிந்த இன்றைய அரண்மனையை வடிவமைத்தவர் நம் எழும்பூர் ரயில் நிலையத்தையும் வடிவமைத்த ஹென்றி இர்வின். ஞாயிறுகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலை ஏழு மணிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒன்றாக எரியும். கிறிஸ்துமஸ் சமயத்தில் அரண்மனை வளாகத்தில் மலர்க் கண்காட்சியும் உண்டு. கூட்டம் நெரிக்கிறது என்பது உண்மை. அமைதி தேடுபவர்களுக்கு அந்த வாரம் மைசூர் சரிப்படாது. மிருகக்காட்சிச் சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துத் திட்டமிடுங்கள். அம்மாவுக்குச் சாமுண்டி மலை பேருந்திலேயே முடிந்தது, நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் அதைவிடப் பிடித்தது.

எனக்குப் பிடித்தது ஸ்ரீரங்கப்பட்டணம். தரியா தௌலத் மாளிகைச் சுவரில் 1780-இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயரை வென்ற சண்டையைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டே ஹைதர் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் தோற்றார், அதற்கு அங்கே படம் இல்லை. தோற்ற இடம் வழியாகத்தான் நம் ரயில் வருகிறது என்று பையனிடம் சொன்னேன். அந்த ஒரு நிமிடம் கைபேசியை விட்டு நிமிர்ந்தான்.

சாப்பாட்டில் ஒரு குறை. “இவங்க ஏன்டா சாம்பார்ல வெல்லத்த அள்ளிப் போடறாங்க?” என்று அம்மா ஒவ்வொரு வேளையும் கேட்டார். மசால் தோசைக்கு மட்டும் புகார் இல்லை. நம் ஊரில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்ற நினைப்பில் அங்கே ஏறிவிடாதீர்கள். கர்நாடகத்தில் அந்தச் சலுகை அந்த மாநில முகவரி அட்டை இருப்பவர்களுக்குத்தான்.

பள்ளிக் கட்டாயம் இல்லாதவர்கள் பொங்கல் கழித்து, ஜனவரி இரண்டாம் பாதியில் கிளம்பினால் என் கணக்கு முழுக்க மாறிவிடும். புயல் பயம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும், அறைகள் மலிந்திருக்கும். அப்போது பெரியவர்கள் இருவர் மட்டும் என்றால் காரைக்குடியைத்தான் சொல்வேன். உறைபனி பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு ஊட்டியும் அப்போதுதான் சரி. புதுச்சேரிக்காரர்களுக்கு மைசூர் ரயிலில் இந்த அளவு லாபம் இல்லை. முதுநகர் வரை தெற்கே வந்து ஏறுவதைவிட, அங்கேயே இரவில் பெங்களூர் பேருந்தைப் பிடிப்பது எளிது. ஆனால் அந்தப் பேருந்தில் அம்மாவால் கால் நீட்டிப் படுக்க முடியுமா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.