சள்ளகெரே கறுப்புக் கம்பளி: விறைப்பைப் பார்த்து ஒதுக்க வேண்டாம்

கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரே வட்டாரத்தில் ஆடு வளர்க்கும் சமூகமான குருபர்கள் நெய்யும் கம்பளி புதிதில் அட்டை மாதிரி நிற்கும். காரணம் புளியங்கொட்டை. தக்காணச் செம்மறியின் மயிர் குட்டை, தடிப்பு. அதில் நூற்ற நூலை அப்படியே தறியில் ஏற்றினால் உராய்ந்து பிசிறடித்து அறும். அதனால் புளியங்கொட்டையைத் தோல் நீக்கி அரைத்துக் காய்ச்சிய பசையைப் பாவில், அதாவது நெடுக்கு இழைகளில் பூசி, நீவி, காயவிட்ட பிறகே குழித்தறியில் நெய்கிறார்கள். பசை நீர்த்தால் இழை அறும். கெட்டியானால் இழைகள் ஒட்டிக்கொண்டு, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடாது.

விறைப்பு நாலைந்து அலசலில் இறங்கிவிடும். சொரசொரப்பு மட்டும் போகாது. 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த மயிர் தோலைக் குத்தத்தான் செய்யும். மெரினோ என்ற மென்மயிர் செம்மறியின் மயிர் 20 மைக்ரான் அளவில் இருப்பதால்தான் உறுத்துவதில்லை. எனவே வெறும் உடம்பில் போர்த்த இது உதவாது, கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். தரையில் விரித்துப் படுக்கவும், சட்டைக்கு மேல் போர்த்தவும், சாரல் மழைக்கும் இதற்கு இணை குறைவு. தன் எடையில் சுமார் 30 சதவீத ஈரத்தை உறிஞ்சினாலும் ஈரமாகத் தெரியாது.

பெரும்பாலும் சாயம் கிடையாது. ஆட்டின் நிறம்தான் கம்பளியின் நிறம். அங்கங்கே பழுப்பு தெரிந்தால் குறை சொல்லாதீர்கள். வெயில் பட்ட மயிர் நுனி அப்படித்தான் வெளிறும். மாறாக, ஒரே சீரான மைக்கறுப்பும் முதல் நாளே மெத்தென்ற பதமும் இருந்தால் சந்தேகப்படுங்கள். நம் ஊர்க் கடைகளில் கம்பளி என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக், பாலியஸ்டர், அல்லது பானிப்பட்டில் பழந்துணியைக் கிழித்து நூற்றவை. ஓரத்து இழை ஒன்றை உருவிக் கொளுத்துங்கள். ஆட்டு மயிர் என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். செயற்கை இழை உருகிக் கெட்டி மணியாகும்.

துவைப்பதில்தான் பலர் கெடுக்கிறார்கள். சுடுநீர், சோடா கலந்த சலவைத் தூள், மெஷின் சுழற்சி மூன்றும் சேர்ந்தால் மயிரின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக் கம்பளி சுருங்கித் தடித்துவிடும். திரும்ப இழுக்க வழியில்லை. பிளீச்சிங் தண்ணீர் மயிரையே கரைத்துவிடும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து, நிழலில் படுக்கைவாட்டில் உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈர எடையிலேயே நீண்டு கோணிக்கொள்ளும். பெட்டியில் வைக்கும் முன் நன்றாக உதறி வெயில் காட்டுங்கள். பூச்சிப்புழு முதலில் தேடுவது அழுக்கும் வியர்வையும் படிந்த மடிப்புகளைத்தான்.

ஆட்டு வாடை சில வாரம் இருக்கும்.