முழங்கால் தேய்மானம்: பனடாலா, ஆர்காக்சியாவா, ஜெல்லா, ஊசியா?

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆர்காக்சியா என்ற வலிமாத்திரை ஒத்துக்கொண்டது என்றால், அதில் நான்கு மாத்திரை நம் வீட்டுக்கும் வந்துவிடும். அன்பினால் செய்வதுதான். ஆனால் மூட்டுவலி மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஆள் ஏற்கெனவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைத்தான். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் சிங்கப்பூரில் பாலிகிளினிக் போய்வரும் நம் அப்பா அம்மாக்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கீழே வரும் எந்த மருந்தும் தேய்ந்த குருத்தெலும்பை (மூட்டுக்குள் மெத்தைபோல் இருப்பது) திரும்ப வளர்க்காது; வலியைத்தான் குறைக்கும்.

பனடாலில் இருப்பது பாராசிட்டமால். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் மற்ற வலிமாத்திரைகளைவிடச் சாது. ஆனால் முழங்கால் தேய்மானத்தில் அதன் பலன் குறைவுதான். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 8-க்கு மேல் கூடாது; மெலிந்த முதியவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதுவே அதிகம். சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு தெரியாமல் ஏறி, அடி கல்லீரலில் விழும்.

அடுத்தது வீக்கத்தைக் குறைக்கும் வலிமாத்திரைகள். இங்கேதான் நிதானம் வேண்டும். இதில் இரண்டு கட்சி. இபுபுரோஃபென், நேப்ராக்சென், டைக்ளோஃபெனாக் ஒரு பக்கம். எட்டோரிகாக்சிப் (ஆர்காக்சியா), செலிகாக்சிப் மறுபக்கம். முதல் கட்சி வீக்கத்தோடு வயிற்றின் காப்புச் சுவரையும் பலவீனமாக்குவதால் புண், இரத்தக் கசிவு வரலாம். இரண்டாவது கட்சி வயிற்றை அவ்வளவாகத் தொடாது, இதயம்தான் கவலை. அதே குடும்பத்து வையாக்ஸ் மாத்திரை மாரடைப்பு அபாயத்தால் 2004-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. எட்டோரிகாக்சிப் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அழுத்தம் தொடர்ந்து 140/90-க்கு மேல் கட்டுப்படாமல் இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

அளவிலும் ஆபத்து இருக்கிறது. தேய்மானத்துக்கு எட்டோரிகாக்சிப் நாளொன்றுக்கு 30 மில்லிகிராம், தேவைப்பட்டால் 60. கௌட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வலி) திடீரென்று தாக்கும்போது கொடுப்பது 120. அதையும் எட்டு நாளுக்கு மேல் சாப்பிடக் கூடாது. கௌட் வந்த மாமாவின் மிச்ச மாத்திரையை முழங்கால் வலிக்கு வாங்கிப் போடும் அத்தை, தனக்கு வேண்டியதைப்போல் இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ விழுங்குகிறார்.

சிறுநீரகத்துக்கு இரண்டு கட்சியும் ஒன்றுதான். லோசார்டன், எனலாப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரையோடு சிறுநீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர், மேலே ஒரு வலிமாத்திரையைப் போட்டால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். வாந்தி, வயிற்றுப்போக்கில் உடல் வறண்டிருந்தால் இன்னும் மோசம். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொன்று: இபுபுரோஃபென் அந்த ஆஸ்பிரினின் வேலையைக் கெடுத்துவிடும்.

அதனால் முழங்காலுக்கும் கை விரல்களுக்கும் என் முதல் ஓட்டு டைக்ளோஃபெனாக் ஜெல்லுக்கு. இந்த மூட்டுகள் தோலுக்கு அருகில் இருப்பதால் மருந்து போய்ச் சேரும்; மாத்திரையோடு ஒப்பிட்டால் இரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம். ஒரு நாள் தடவிப் பார்த்துவிட்டு “இது வேலைக்காகாது” என்று மூலையில் போடுகிறவர்கள்தான் அதிகம். சொன்ன அளவில், தினமும் சில வேளை, ஓரிரு வாரம் விடாமல் தடவ வேண்டும். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அதற்குப் பயன்படாது. தோலில் அரிப்பு வந்தால் நிறுத்திவிடலாம். கீட்டோப்ரோஃபென் பிளாஸ்டர் என்றால் மட்டும் எச்சரிக்கை: ஒட்டிய இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். எடுத்த பிறகும் இரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அரைக்கால் சட்டையோடு நடைப்பயிற்சி போகிறவர்கள் கவனிக்கவும். கோடாலித் தைலம் தேய்ப்பது இதமாக இருக்கும், வீக்கத்தைக் குறைக்கும் மருந்துக்கு அது ஈடல்ல. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இப்படிப்பட்ட தைலங்களை அதிகம் தேய்க்க வேண்டாம்.

மூட்டுக்குள் போடும், வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிம்மதி தரும். நீரிழிவு இருந்தால் சர்க்கரை சில நாள் எகிறும், அடிக்கடி சோதித்துக்கொள்ள வேண்டும். 2017-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் ஊசி போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகம் கரைந்திருந்தது. வலியோ வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குறையவில்லை. தாங்க முடியாத நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முடக்குவாதம், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய், தனிக் கதை. அதற்கான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே. தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

கடைசியாக, தெரிந்தவர் மூலமோ இணையத்திலோ வாங்கும் “மூலிகை” மூட்டுவலி மாத்திரைகள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் தயவுசெய்து சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்டவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒளிந்திருந்ததைச் சிங்கப்பூரில் மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். வீட்டில் யாராவது பல வாரங்களாக இதைச் சாப்பிட்டு வந்தால் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். உடல் தன் ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும், மயங்கி விழக்கூடும். மாத்திரையை உறையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.