பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலை: ஒளிக்கருவியா, இரத்தப் பரிசோதனையா?

பிறந்த குழந்தையின் உடல் மஞ்சள் பூத்திருந்தால், அந்த மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் என்னும் நிறமியின் அளவைத் தோலின் மேல் ஒளி பாய்ச்சி அறிவதா, குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்து அறிவதா என்று பெற்றோர் தயங்குவது இயல்பே.

வலி: ஒளிக்கருவியின் முனையை நெற்றியிலோ மார்பெலும்பின் மேலோ வைத்து மெல்ல அழுத்தினால் போதும். இரத்தப் பரிசோதனையில் ஊசிக்குத்தல் தவிர்க்க முடியாதது.

நேரம்: கருவி நொடிகளில் அளவைக் காட்டிவிடும். ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க வேண்டும்.

நம்பகம்: தோலில் படிந்த பிலிருபின் நீல ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டே கருவி இரத்த அளவைக் கணிக்கிறது, ஆகவே தோலின் நிறம் அந்தக் கணிப்பைச் சற்று மாற்றக்கூடும். ஒளிச்சிகிச்சை (பிலிருபினைக் குறைக்க உடல்மேல் ஒளி பாய்ச்சும் சிகிச்சை) பெறும் குழந்தையின் தோலோ இரத்தத்தில் பிலிருபின் குறையும் முன்பே வெளுத்துவிடுவதால், உள்ளே பிலிருபின் மிகுந்திருக்கும்போதே கருவி குறைத்துக் காட்டலாம். மிகவும் அஞ்ச வேண்டிய பிழை இதுவே. ஆய்வக அளவீட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

நிறைமாதத்தில் பிறந்து, 24 மணி நேரம் கடந்து, நலமாக இருக்கும் குழந்தைக்கு முதற்கட்டச் சோதனையாக ஒளிக்கருவியே பொருத்தமானது. முதல் நாளிலேயே மஞ்சள் தென்பட்டாலோ, அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022 வழிகாட்டுதல் கூறுவதுபோல, கருவி காட்டும் அளவு டெசிலிட்டருக்கு 15 மில்லிகிராமை எட்டினாலோ, ஒளிச்சிகிச்சையைத் தொடங்க வேண்டிய வரம்புக்கு 3 மில்லிகிராம் இடைவெளிக்குள் வந்தாலோ இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.