"கதவ அடச்சியாலே?": காரில் இருக்கும் கராஜ் பொத்தானோடு பத்து வருடம்

வீட்டை விட்டுக் கிளம்பி இரண்டாவது திருப்பம் தாண்டியதும் எங்கள் காருக்குள் ஒரு கேள்வி எழும். "ஏங்க, கராஜ மூடினீங்களா?" மிச்சிகன் மாநிலத்தில் நோவி என்ற ஊரில் இருக்கிறோம். 2015 அக்டோபரில் இந்த வீட்டுக்கு வந்தோம், அன்றிலிருந்து கேள்வி மாறவில்லை. பொத்தானை அழுத்தியது ஞாபகம் இருக்கும். கதவு கீழே போய்ச் சேர்ந்ததைப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்காது. திரும்பிப் போய்ப் பார்த்தால் பத்தில் ஒன்பது தடவை மூடித்தான் இருக்கும். மிச்சமிருக்கும் அந்த ஒரு தடவைக்காகத்தான் திரும்பிப் போகிறோம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கராஜ் என்பது வீட்டோடு ஒட்டிய கார் நிறுத்தும் அறை, அதன் கதவை மோட்டார்தான் ஏற்றி இறக்கும். இங்கே பல கார்களில் சன் வைசரிலோ (கண்ணில் வெயில் படாமல் மறைக்கும் மடிப்புப் பலகை) நடுக்கண்ணாடியின் அடிவிளிம்பிலோ மூன்று சின்னப் பொத்தான்கள் இருக்கும், பக்கத்தில் குட்டி வீட்டுப் படம் ஒன்று. கராஜ் ரிமோட்டின் வேலையை அந்தப் பொத்தானுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் ரிமோட்டை மேசை டிராயரில் போட்டுவிடலாம். ஹோம்லிங்க் என்று பெயர். பிறந்தது எங்கள் மாநிலத்தில்தான், மிச்சிகன் ஏரிக்கரையில் ஹாலண்ட் என்ற ஊரில் இருந்த பிரின்ஸ் கம்பெனியில். சன் வைசரில் விளக்கு வைத்த முகக்கண்ணாடியைக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். 1996-இல் அந்த கம்பெனியை ஜான்சன் கன்ட்ரோல்ஸ் வாங்கியது. 2013-இல் ஹோம்லிங்க் மட்டும் பக்கத்து ஊரான ஸீலண்டில் இருக்கும் ஜென்டெக்ஸுக்குக் கைமாறியது. மே மாதம் டியூலிப் பூப் பார்க்க ஹாலண்டுக்கு வருடாவருடம் போகிறோம். தினமும் அழுத்தும் பொத்தானின் பிறந்த ஊர் அது என்பது மூன்றாவது தடவை போனபோதுதான் தெரிந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் மைனஸ் பதினைந்து டிகிரியில் வீடு திரும்பும்போது, கையுறையைக் கழற்றாமலே கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினால் கதவு ஏறும். வைசரில் மாட்டும் ரிமோட்டுக்கு உள்ளே நாணய பேட்டரி உண்டு, அதற்குக் குளிர் ஆகாது. காரின் பொத்தானுக்கு காரிலிருந்தே மின்சாரம் வருவதால் அந்தத் தொல்லை கிடையாது. பத்து வருடத்தில் இரண்டு காரிலும் பொத்தான் என்ற பொத்தான் ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. பட்ட பாடெல்லாம் மறுமுனையில், கூரையில் தொங்கும் மோட்டாரோடும் கதவோடும்தான்.

வந்த புதிதில் 2012 மாடல் செடான் ஒன்று வைத்திருந்தோம். வீட்டில் இருந்தது பழைய ஓப்பனர், அதாவது கதவைத் திறந்து மூடும் அந்த மோட்டார். பொத்தானுக்குப் பாடம் சொல்லித் தருவது இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் ரிமோட்டை வைசர் பக்கத்தில் இரண்டு மூன்று அங்குலத்தில் பிடித்து, ரிமோட்டையும் கார் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். விளக்கு மெதுவாக மினுக்கும், பாடம் ஏறியதும் வேகமாக மினுக்கும். நான் கதவை அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. அரை மணி நேரம் அதே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்திய பிறகுதான் கையேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

பழங்காலத்து ஓப்பனர்களில் குட்டி ஸ்விட்சுகளை மேலும் கீழும் தள்ளி ஒரு நிரந்தரக் குறியீடு வைப்பார்கள். அதை ஒரு தடவை ஒட்டுக்கேட்டு வைத்துக்கொண்டால் திருடனும் திறக்கலாம். அதனால் தொண்ணூறுகளின் நடுவிலிருந்து அழுத்தும் ஒவ்வொரு தடவையும் குறியீடு மாறுகிற முறை வந்தது. இதில் கார் ரிமோட்டைக் காப்பியடித்தால் மட்டும் போதாது. "இவனும் நம்ம ஆள்தான்" என்று மோட்டாருக்கும் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். மோட்டாரின் முதுகில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திய 30 நொடிக்குள் காருக்குள் வந்து உட்கார்ந்து, கார் பொத்தானை இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு அழுத்த வேண்டும்.

ஏணியிலிருந்து இறங்கி, ஷூ ரேக்கைத் தாண்டி, காருக்குள் ஏறுவதற்கு 30 நொடி எனக்குப் போதவில்லை. மனைவியைக் காருக்குள் உட்கார வைத்து, ஏணி உச்சியிலிருந்து "இப்போ!" என்று கத்தினேன். "எதை?" என்று பதில் வந்தது. "நடுப் பொத்தான்!" "எவ்ளோ நேரம்?" அதற்குள் மோட்டாரின் விளக்கு அணைந்துவிட்டது. நான்காவது முயற்சியில் கதவு நகர்ந்தபோது இருவரும் கைதட்டினோம். இதைத் தனியாகச் செய்யலாம் என்று சொல்பவர்களின் கராஜில் ஒரே ஒரு கார்தான் நிற்கும் என்று நினைக்கிறேன். எங்களுடையதில் பாதி இடம் அரிசி மூட்டைக்கும் கிரிக்கெட் கிட்டுக்கும்.

2018 டிசம்பரில் ஒரு காலை கராஜுக்குள் வெடி வெடித்த மாதிரி சத்தம். கதவுக்கு மேலே குறுக்குக் கம்பியில் இருக்கும் ஸ்பிரிங் இரண்டாக உடைந்திருந்தது. இரண்டு கார் அகலக் கதவு 70, 80 கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்குவது மோட்டார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்தான், மோட்டார் சும்மா கைகொடுக்கிறது. விஷயம் தெரியாமல் கார் பொத்தானை இன்னும் நான்கைந்து தடவை அழுத்தி, கிழட்டு மோட்டாரின் கதையையும் முடித்தேன். அந்த அழுத்தல்களுக்குப் புது மோட்டார் விலை கொடுத்தேன். சத்தம் கேட்டால் பொத்தானைத் தொடாதீர்கள். ஸ்பிரிங்கை நீங்களே கழற்றவும் போகாதீர்கள். இறுக்கமாக முறுக்கி வைத்தது, பிய்த்துக்கொண்டு வந்தால் கை போய்விடும்.

புது மோட்டார் மாட்ட வந்தவர் "எந்தக் காரோடும் பேசும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் காரோடு பேசவில்லை. மோட்டாரில் அறிமுகப் பொத்தான் மஞ்சள் நிறத்தில் இருந்தது. அந்த மஞ்சள் பொத்தான் ஓப்பனர்கள் 2011 வாக்கில் வந்த புதுத் தலைமுறை. ஒரே அலைவரிசையில் நிற்காமல் 310, 315, 390 மெகாஹெர்ட்ஸ் மூன்றிலும் பேசும், குறியீட்டு முறையும் வேறு. என் காரின் பொத்தான் அதற்கு முந்தைய தலைமுறை. நடுவில் நின்று மொழிபெயர்க்க ஒரு சின்னப் பெட்டி தனியாக விற்கிறார்கள். கராஜ் சுவரில் ப்ளக்கில் செருகிவிட்டால் காரின் பழைய பாஷையைக் கேட்டு மோட்டாருக்குப் புதுப் பாஷையில் சொல்லும். அதை வாங்கிய பிறகு கார் விற்கும்வரை பிரச்சினை இல்லை. புது ஓப்பனர் வாங்கப் போகிறவர்கள் காரின் மாடல் வருடத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மண்டையைக் குழப்பிய இன்னொன்று அடுத்த கோடையில் நடந்தது. திறக்கச் சொன்னால் கதவு தெருமுனையிலிருந்தே திறக்கும். காரைப் பின்னால் எடுத்து வெளியே வந்து மூடச் சொன்னால் மூடாது. கதவுக்கு முன்னால் கொண்டுபோய் மூக்கை ஒட்டினாற்போல் நிறுத்தி அழுத்தினால்தான் மூடும். ஐந்து நிமிடம் கழித்து அழுத்தினால் எங்கிருந்தும் மூடும்! பேய் பிடித்த கதவு என்று மகள் சொன்னாள். இரண்டு வாரம் கழித்து உறைத்தது. கதவு திறந்ததும் மோட்டாரில் உள்ள பல்ப் எரியும், நான்கரை நிமிடத்தில் தானாக அணையும். சில நாள் முன்புதான் அதில் மலிவான எல்.ஈ.டி. பல்ப் மாட்டியிருந்தேன். அந்த பல்புக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று எழுப்பும் வானொலி இரைச்சலில், பக்கத்திலேயே இருக்கும் மோட்டாரின் ஆண்டெனாவுக்குக் காரின் குரல் கேட்கவில்லை. சந்தைக்கு நடுவில் நின்று ரகசியம் பேசுவது மாதிரி. பல்பைக் கழற்றினேன், சரியாகிவிட்டது. கராஜ் ஓப்பனருக்கு என்றே இரைச்சல் அடக்கிய பல்புகள் கிடைக்கின்றன, கொஞ்சம் விலை கூட. ரேஞ்ச் திடீரென்று குறைந்தால் காரைச் சந்தேகிக்கும் முன் பல்பைக் கழற்றிப் பாருங்கள்.

ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வேறு கூத்து. 1993 முதல் இந்த நாட்டில் செய்யும் ஓப்பனர்களில், குழந்தையோ நாயோ குறுக்கே வந்தால் கதவு திரும்பிப் போக வேண்டும் என்பது சட்டம். அதற்காகத் தரையிலிருந்து அரையடிக்குள் இரண்டு பக்கமும் மின்கண் இருக்கும், நடுவில் போகும் ஒளிக்கதிர் தடைபட்டால் அதற்குத் தெரிந்துவிடும். மாலை வெயில் சாய்வாக அதில் அடித்தாலும், ஒரு மேப்பிள் இலை ஒட்டிக்கொண்டாலும் கதவு கொஞ்சம் இறங்கிவிட்டு மேலே ஓடிவிடும். உள்ளே சுவரில் இருக்கும் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் மூடலாம். கார் பொத்தானுக்கு அந்த அதிகாரம் இல்லை, இருக்கவும் கூடாது. நீங்கள்தான் இறங்கிப் போய் இலையைத் துடைக்க வேண்டும்.

2021-இல் செடானை விற்றேன். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் வைசர் ஞாபகம் வந்தது. என் வீட்டுச் சாவி அந்தக் காரோடு போயிருக்கிறது, என் விலாசமும் அவரிடம் இருக்கிறது. நல்ல மனிதர்தான், ஆனாலும் தூக்கம் வராதே. விற்பதற்கு முன் செய்திருக்க வேண்டியது சுலபம். ஓரப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து, விளக்கு வேகமாக மினுக்கும்வரை பிடித்தால் எல்லாம் அழிந்துவிடும், பெரும்பாலான கார்களில் 10 முதல் 20 நொடி. நான் செய்ய வேண்டி வந்தது மோட்டாரின் அறிமுகப் பொத்தானை அழுத்திப் பிடித்து, அதன் மொத்த ஞாபகத்தையும் துடைப்பது. அதில் எங்கள் ரிமோட்டுகள், வாசலில் எண்களை அழுத்திக் கதவைத் திறக்கும் பலகை எல்லாமே போயின. மறுபடி ஏணி, மறுபடி "இப்போ!", மறுபடி "எதை?"

இதே வகையில் ஒரு பயம் உண்டு. அந்தப் பழைய காரில் சாவி இல்லாமலே பொத்தான் வேலை செய்யும். இரவில் காரை வாசலில் விட்டால், கண்ணாடியை உடைப்பவனுக்கு வீடும் திறந்துவிடும். இப்போதைய கார் இக்னிஷன் போட்டால்தான் கேட்கும். எந்தக் காரானாலும் கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவை இரவில் தாழ் போட்டுவிடுவது எங்கள் வழக்கம்.

இப்போதைய காரில் நடுக்கண்ணாடியில் பொத்தான். இதில் இரண்டு அம்புக்குறிகள் உண்டு. கதவு இறங்கும்போது ஆரஞ்சு நிறத்தில் மினுக்கும், மூடியதும் பச்சையாக நிற்கும். ஓப்பனரும் திருப்பிப் பேசும் வகையாக இருந்தால்தான் இது நடக்கும். எங்கள் மஞ்சள் பொத்தான் மோட்டார் பேசியது, ஏணி ஏறியதற்கு அன்றைக்கு முதல் தடவையாகப் பலன். இந்தப் பத்து வருடத்தில் நான் கேட்டது இது ஒன்றைத்தான்.

போன வருடம் அப்பா கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார். ஊரில் கடை ஷட்டரை இழுத்து, பூட்டுப் போட்டு, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். முன் சீட்டில் உட்கார்ந்தவர் கிளம்பிய உடனே கேட்டார், "கதவ அடச்சியாலே?" பச்சை அம்பைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். "இது என்ன லைட்டு?" என்று விரலை வைத்து அமுக்கினார். பின் கண்ணாடியில் கதவு நிதானமாக மேலே ஏறுவது தெரிந்தது. பின் சீட்டில் மனைவி சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

2018-இல் மாட்டிய ஸ்பிரிங்குக்குச் சொன்ன ஆயுள், கதவு பத்தாயிரம் தடவை ஏறி இறங்கும்வரை. நாளைக்கு நான்கு என்று வைத்தால் ஏழு வருடம், அதாவது இந்தக் குளிர்காலம். நவம்பருக்குள் வந்து பார்க்கும்படி ஆளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.