டார்க் சாக்லேட் கண்பார்வையைக் கூட்டும் என்று விற்பவர்களிடம் கவனமாக இருங்கள்

பண்டிகைச் சந்தையிலோ கடைத்தொகுதியிலோ "கண்ணுக்கு நல்லது" என்று சொல்லி யாராவது டார்க் சாக்லேட் பெட்டியை நீட்டினால், தயவுசெய்து அந்த இடத்திலேயே பணம் கட்டிவிடாதீர்கள். வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் கட்டாயம் சொல்லி வையுங்கள். சிங்கப்பூரில் என் அப்பாவிடம் இப்படித்தான் 268 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிவிட்டார்கள். பணம் போனதைவிட அவர்கள் சொல்லி அனுப்பிய ஒரு வார்த்தைதான் எனக்குப் பெரிய கோபம். அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. லிட்டில் இந்தியாவுக்கு அம்மாவோடு தீபாவளிச் சாமான் வாங்கப் போயிருக்கிறார். ஒரு கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட இளைஞர், "அங்கிள், வாங்க, இலவசக் கண் பரிசோதனை, ரெண்டு நிமிஷம்தான்" என்று தமிழில் கூப்பிட்டிருக்கிறார். நம் மொழியில் அன்பாகப் பேசினால் நம் பெரியவர்கள் நின்றுவிடுவார்கள், அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சுவரில் ஓர் எழுத்து அட்டை. கீழே போகப் போக எழுத்தின் கறுப்பு குறைந்து சாம்பலாக மங்கும். அப்பா பாதி வரை படித்தார். ஒரு துண்டு சாக்லேட் கொடுத்தார்கள். ஐந்து நிமிடம் பேச்சு. மறுபடி அதே அட்டை. இந்த முறை இன்னும் இரண்டு வரி படித்துவிட்டார். "பாத்தீங்களா அங்கிள், அமெரிக்காவுல நிரூபிச்சது இது!"

இதில் என்ன நடந்தது என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சோதனையைப் பார்த்துத்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒன்று, அட்டை மாறவில்லை. ஒருமுறை முயன்று பார்த்த எழுத்துகளை இரண்டாம் முறை பாதி ஞாபகத்திலிருந்தே சொல்லிவிடலாம். இன்னொன்றை அம்மா கவனித்திருக்கிறார்: இரண்டாவது தடவை அட்டைக்கு மேலே இருந்த விளக்கைப் போட்டார்களாம். வெளிச்சம் கூடினால் மங்கலான எழுத்து தானாகவே எடுப்பாகத் தெரியும். கண்மணியும் சுருங்குவதால் பார்வை கொஞ்சம் கூர்மையாகும். சாக்லேட் இல்லாமலே இது நடக்கும்.

அமெரிக்க ஆய்வு என்று அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. 2018ல் டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் அப்படி ஓர் ஆய்வு நடந்தது. கண்நோய் எதுவும் இல்லாத 30 பேர், சராசரி வயது 26. ஒரு நாள் 72 சதவீதக் கோகோ உள்ள டார்க் சாக்லேட், இன்னொரு நாள் பால் சாக்லேட் கொடுத்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தார்கள். டார்க் சாக்லேட் சாப்பிட்டபோது மங்கலான சிறிய எழுத்துகளைப் பிரித்துப் பார்க்கும் திறன் சற்றுக் கூடியது. பார்வைக் கூர்மையில் மிகச் சிறிய முன்னேற்றம். அது எவ்வளவு நேரம் நிற்கும், அன்றாட வாழ்க்கையில் அதனால் என்ன பயன் என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை. இரண்டு மணி நேரம் எங்கே, கடையில் ஐந்து நிமிடம் எங்கே! இருபத்தாறு வயது ஆரோக்கியமான கண்ணில் பார்த்ததை எழுபது வயதுச் சர்க்கரைக்காரரிடம் காட்டி விற்பது அநியாயம்.

அடுத்த ஆண்டே ஜெர்மனியின் மியூனிக்கில் 22 பேரை வைத்து இதே போல் செய்து பார்த்தார்கள். விழித்திரையின் ரத்த ஓட்டத்தைக் கருவியால் அளந்தார்கள். பார்வைத் திறனையும் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டிலும் டார்க் சாக்லேட்டால் வித்தியாசம் இல்லை. அப்புறம் அமெரிக்காவில் 21,000 பேருக்கு மேல் சேர்ந்த ஒரு பெரிய ஆய்வில், கோகோவில் இருக்கும் ஃபிளவனாலைத் தினமும் 500 மில்லிகிராம் மாத்திரையாகச் சில வருடங்கள் கொடுத்தார்கள். வயதானால் வரும் விழித்திரை மையச் சிதைவை அது தடுக்கிறது என்று உறுதியாகவில்லை. விற்பவர் இதையெல்லாம் சொல்வாரா?

ஃபிளவனால்தான் ரத்தக் குழாயைத் தளர்த்தும் பொருள், எல்லோரும் பேசுவதும் அதைத்தான். ஆனால் பெட்டியின் மேல் எத்தனை சதவீதம் கோகோ என்று போட்டிருந்தாலும் உள்ளே எவ்வளவு ஃபிளவனால் இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கசப்பைக் குறைக்க ஆல்கலி என்ற காரப்பொருள் சேர்த்துப் பதப்படுத்தினால் அதில் பெரும்பகுதி போய்விடும். அப்பா வாங்கி வந்த பெட்டிகளில் ஒன்றின் பின்பக்கத்தைப் பார்த்தேன். உள்ளடக்கப் பட்டியலில் முதலாவது சர்க்கரை. எடை அதிகமானதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. இரண்டாவது, ஆல்கலி சேர்த்த கோகோத் தூள். அதாவது சாதாரண இனிப்பு. கடையில் இதே அளவு சாக்லேட்டைச் சில வெள்ளிக்கு வாங்கலாம்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். அப்பா தனக்குச் சர்க்கரை இருப்பதைக் கடையில் இருந்த அந்த வெள்ளைக் கோட்டு இளைஞரிடம் சொல்லியிருக்கிறார். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) வருடாந்திரக் கண் படம் எடுக்கும் நாள் நெருங்குவதையும் சொல்லியிருக்கிறார். அதற்கு அந்த இளைஞர், "மூணு மாசம் இதைச் சாப்பிட்டுட்டு அப்புறம் எடுங்க அங்கிள், ரிசல்ட் நல்லா வரும்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா அதை நம்பி நாளைத் தள்ளிப்போட்டுவிட்டார். காலையும் இரவும் இரண்டிரண்டு துண்டு. வீட்டில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போனது.

சர்க்கரை நோயில் விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் கெடுவது ஆரம்பத்தில் வெளியே தெரியாது. வலி இருக்காது, எழுத்தும் நன்றாகத்தான் தெரியும். அதனால்தான் வருடாவருடம் படம் எடுக்கச் சொல்கிறார்கள். அட்டையில் இரண்டு வரி கூடுதலாகப் படிப்பதற்கும் விழித்திரை நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. நான் உடனே புது நாள் வாங்கி அப்பாவைக் கூட்டிப் போனேன். ஒரு கண்ணில் ஆரம்ப நிலை மாற்றம் இருக்கிறது. அது சாக்லேட்டால் வந்தது இல்லை, வருடக்கணக்கில் வருவது. ஆனால் அந்த ஆள் சொன்னதைக் கேட்டு இன்னும் மூன்று மாதம் போயிருந்தால் எங்களுக்கு இது தெரிந்தே இருக்காது. ஒரு மனிதரின் கண்ணை வைத்து இப்படி விளையாட யார் இவர்களுக்கு உரிமை கொடுத்தது?

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பிரித்த பெட்டியை எடுக்க மாட்டோம் என்றார்கள். பிரிக்காத பெட்டிகளைப் பற்றிக் கேட்டேன், வாட்ஸ்அப்பில் பதில் நின்றுவிட்டது. ரசீதில் "சுகாதாரப் பொருள்" என்று மட்டும் இருக்கிறது. பரிசோதகரின் பெயரைக் கேட்டேன், தரவில்லை. இங்கே கண் பரிசோதகராக வேலை செய்பவர்கள் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். வெள்ளைக் கோட்டைப் பார்த்து நம்பாதீர்கள், பெயரைக் கேளுங்கள்.

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய இங்கே அனுமதி இல்லை, அதனால் சிங்கப்பூர் உணவு அமைப்புக்கும் எழுதியிருக்கிறேன். இவற்றில் முடியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை.

இதே மாதிரி எழுத்து அட்டை காட்டி, மூன்று மாதப் பெட்டி என்று உங்கள் வீட்டிலும் யாருக்காவது விற்றிருந்தால், பிரிக்காத பெட்டியை அப்படியே வைத்திருங்கள். ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் புகாரோடு சேர்த்து அனுப்புங்கள். கண் படம் எடுக்கும் நாளைத் தள்ளிப்போட்டிருந்தால், புகாருக்கு முன்னால் மருந்தகத்தைக் கூப்பிட்டு முதலில் அந்த நாளைத் திரும்ப வாங்குங்கள்.