டெசர்ட் புளூபெல்: நான்கு பருவம் வளர்த்த பிறகு

போன வாரம் வீட்டுக்கு வந்த நண்பர் முன்வாசலில் நின்றுகொண்டு, "இந்த நீலப் பூவுக்கு விதை கிடைக்குமா?" என்று கேட்டார். அப்போது என் இரண்டு கைகளிலும் களிம்பு. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

செடியின் தாவரவியல் பெயர் பசீலியா கேம்பனுலேரியா. தென் கலிஃபோர்னியாவின் மொஹாவி, சொனோரன் பாலைவனங்கள்தான் இதற்குத் தாய்மண். நாங்கள் இருப்பதும் தென் கலிஃபோர்னியாதான் என்பதால் வளர்ப்பதில் சிரமமில்லை. இலையுதிர் காலத்தில் விதைத்து, மேலே 3 மில்லிமீட்டர் மண் மூட வேண்டும். முளைக்க இருட்டு வேண்டும்; முதல் தடவை மேலாகத் தூவிவிட்டு ஏமாந்தேன். நாற்றைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். தொழுவுரம் போட்ட பாத்தியில் இலைதான் மண்டியது. அங்கிருந்து விதை சிதறிய சரளைக்கல் ஓரத்தில், நான் தண்ணீர்கூட ஊற்றாத இடத்தில், மார்ச் மாதம் பூ கொட்டியது. அப்படி ஒரு நீலத்தை வேறு எந்தச் செடியிலும் நான் பார்த்ததில்லை. நடுவில் வெள்ளை மகரந்தப் பைகள், காலையிலிருந்து தேனீக்கள். வேலைக்குக் கிளம்பும்போது தினமும் ஒரு நிமிஷம் நிற்பேன்.

ஆனால் இந்த அரிப்பு! இலையிலும் தண்டிலும் பிசுபிசுப்பான நுண்ணிய முடிகள் இருக்கின்றன. அவற்றில் சுரப்பது சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். தொட்டவுடன் எதுவும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துத்தான் சிவந்து, கொப்புளம் கிளம்பும். அதுவும் முதல் பருவத்தில் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. உடம்பு அதை ஒருமுறை எதிரியாகப் பதிந்துகொண்ட பிறகு ஒவ்வொரு தடவையும் வருகிறது. இரண்டாம் வருஷம் முழுக்கச் சோப்பைச் சந்தேகப்பட்டு மாற்றிக்கொண்டே இருந்தேன். நான் வாங்கிய விதைப் பாக்கெட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. எத்தனை அங்குல இடைவெளி என்று அச்சடிக்க இடம் இருந்தவர்களுக்கு இதற்கு இடமில்லையா? இன்னும் மனசு ஆறவில்லை எனக்கு.

நியாயமாகச் சொன்னால், எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. என் மனைவி வெறுங்கையால்தான் களைகிறாள். ஒரு தடிப்புகூட வந்ததில்லை. நான் இந்த முறை கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டுதான் பாதையில் சாய்ந்தவற்றைப் பிடுங்கினேன். கையுறையைக் கழற்றும்போது எங்கோ பட்டிருக்க வேண்டும்.

நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் வீட்டில் தவழ்கிற குழந்தை இருக்கிறது, வாசலை ஒட்டித்தான் மண்ணும் இருக்கிறது. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். என் சரளையில் செடிகளின் அடிப்பக்கக் காய்கள் வெடித்து விதை உதிரத் தொடங்கிவிட்டது. அதை நான் பெருக்கித் தள்ளவில்லை.